பதினாறு நொடிகளுக்கு முன்: ஸ்டெஃபான் ஷப்புயிசாவின் கிளப் வாழ்க்கை

1997 மே 28 அன்று மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் 70ஆவது நிமிடத்தில், ஜெர்மனியின் பொருசியா டோர்ட்மண்ட் அணியின் 9ஆம் எண் சட்டைக்காரர் களத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக உள்ளே ஓடியவர், டோர்ட்மண்டிலேயே பிறந்த 20 வயது லார்ஸ் ரிக்கன். பதினாறு நொடிகள் கழித்து, சக ஆட்டக்காரர் மோலர் தள்ளிவிட்ட பந்தைத் தன் முதல் தொடுதலிலேயே இத்தாலியின் யுவெண்டஸ் அணிக் கோல்காவலர் பெருஸ்ஸியின் தலைக்கு மேலாக ரிக்கன் வளைத்துத் தூக்கிப் போட, ஆட்டம் 3-1 ஆகி முடிவு உறுதியானது. டோர்ட்மண்டின் மஞ்சள் கருப்புக் கூட்டம் இன்றுவரை பேசித் தீராத கோல் அது. அந்தக் கோலுக்கு இடம்விட்டு வெளியே வந்து உட்கார்ந்த சுவிட்சர்லாந்து ஆட்டக்காரர்தான் ஸ்டெஃபான் ஷப்புயிசா. அன்றிரவு சாம்பியன்ஸ் லீக் பதக்கம் பெற்ற முதல் சுவிஸ் ஆட்டக்காரர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த இரவின் படங்களில் அவர் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருடைய கிளப் வாழ்க்கை முழுவதிலும் இந்த முரண் ஓடுகிறது. டோர்ட்மண்ட் 1990களில் எட்டிய உயரத்துக்கு அடித்தளம் போட்ட கோல்களில் பெரும்பங்கு அவருடையது. ஆனால் அந்த உயரத்தின் உச்சித் தருணங்களில் அவர் காயத்தில் இருந்தார், அல்லது சற்று முன்தான் வெளியே வந்திருந்தார், அல்லது அவருடைய கோல் வேறொரு ஊரில் விழுந்த கோலால் வீணாகிப்போயிருந்தது. கோப்பைகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. ஆண்டு வாரியாகப் பின்தொடர்ந்தால்தான் அவர் அந்த அணிக்கு என்னவாக இருந்தார் என்பது தெளியும்.

1969 ஜூன் 28 அன்று லோசானில் பிறந்த ஷப்புயிசாவுக்குக் கால்பந்து வீட்டுத் தொழில். தந்தை பியேர்-ஆல்பேர் ஷப்புயிசா, 'கபே' என்ற செல்லப்பெயரில் அறியப்பட்ட, தேசிய அணிக்கும் ஆடிய தடுப்பாட்டக்காரர். ஆனால் சுவிஸ் ரசிகர்களின் நினைவில் அவர் பெயர் 1985 செப்டம்பரில் நடந்த ஒரு மோதலோடு பிணைந்துவிட்டது. வெவே அணிக்காக ஆடிய அவர் செர்வெட்டின் நடுக்கள ஆட்டக்காரர் லூசியன் ஃபாவ்ரின் காலில் மோதியதில் ஃபாவ்ரின் முழங்கால் கடுமையாகச் சேதமடைந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. (அதே ஃபாவ்ர் 2018இல் டோர்ட்மண்டின் பயிற்சியாளராக வந்து சேர்ந்தது கால்பந்தின் சின்ன உலகத்துக்கு ஒரு சான்று.) அப்படிப்பட்ட குடும்பப்பெயரைச் சுமந்துகொண்டு களமிறங்கிய மகன், தந்தைக்கு நேர் எதிரான ஆட்டக்காரராக உருவானார்: இடக்கால்காரர், உடல்மோதலைவிடத் திசைமாற்றத்தை நம்பியவர், கோல் போட்ட பிறகும் பெரிதாக ஆர்ப்பரிக்காதவர். லோசான்-ஸ்போர் அணியில் 1980களின் இறுதியில் நிலைபெற்ற அவர், 1989இல் தேசிய அணிக்கும் வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு சுவிஸ் ஆட்டக்காரர் வெளிநாடு போவதென்றால் எவ்வளவு கடினம் என்பதை இன்றைய சந்தையை வைத்து அளக்க முடியாது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா நடத்தும் போட்டிகளில் 1991-92 முதல் ஓர் அணி மூன்று வெளிநாட்டவரையும், நெடுநாள் அந்த நாட்டிலேயே ஆடி உள்ளூர்க்காரருக்குச் சமமாகக் கருதப்பட்ட இருவரையும் மட்டுமே களமிறக்கலாம் என்ற விதி இருந்தது. அந்த மூன்று இடங்களுக்குப் பிரேசில்காரர்களும் டேனிஷ்காரர்களும் யூகோஸ்லாவியர்களும் போட்டியிட்டார்கள். உலகக் கோப்பைக்கு 1966க்குப் பிறகு தகுதியே பெறாத ஒரு நாட்டிலிருந்து ஒருவரை அழைத்து அதில் ஓர் இடத்தைத் தர எந்தக் கிளப்பும் இருமுறை யோசிக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு ஆட்டக்காரர்கள் மீதான எண்ணிக்கை வரம்பை நீக்கி 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு இந்தக் கதவை உடைத்தது என்றாலும், 1992 வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் சேர மறுத்துவிட்ட சுவிட்சர்லாந்தின் குடிமக்களுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தவில்லை. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் யூஃபா உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் சலுகையை விரித்த பிறகே அவர்களுக்கும் வழி திறந்தது. ஷப்புயிசா ஜெர்மனிக்குப் போனது இவற்றுக்கெல்லாம் வெகு முன்னால்.

போன இடமும் பெரிய இடமன்று. 1991 ஜனவரியில் அவரை எடுத்துக்கொண்டது கிரேஃபெல்ட் நகரின் பேயர் ஊர்டிங்கன். தரவரிசையின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்த அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 10, கோல்கள் 4. அந்தப் பருவ முடிவில் ஊர்டிங்கன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்தச் சில மாதங்கள், அவரால் ஜெர்மன் முதல் பிரிவான புண்டஸ்லிகாவின் தடுப்பாட்டக்காரர்களைக் கடக்க முடியும் என்று காட்டப் போதுமானவையாக இருந்தன.

1991 கோடையில் டோர்ட்மண்ட் இரண்டு முடிவுகளை எடுத்தது; இரண்டும் சுவிட்சர்லாந்தின் பக்கம் திரும்பிப் பார்த்து எடுத்தவை. முந்தைய பருவத்தில் 10ஆவது இடத்தில் முடித்திருந்த அந்தக் கிளப், புதிய பயிற்சியாளராக ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்டை அமர்த்தியது. சுவிஸ் எல்லையை ஒட்டிய லோராஹில் பிறந்த ஹிட்ஸ்ஃபெல்ட் ஜெர்மானியர்தான் என்றாலும் அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் கழிந்தது: ஆட்டக்காரராக பாசல், லுகானோ, லுட்செர்ன்; பயிற்சியாளராக ஸூக், ஆராவ், பிறகு கிராஸ்ஹாப்பர். கிராஸ்ஹாப்பரை 1990, 1991 என்று அடுத்தடுத்து இரண்டு முறை சுவிஸ் சாம்பியனாக்கிய கையோடு அவர் டோர்ட்மண்டுக்கு வந்தார். லோசானின் அந்த இடக்கால் முன்கள ஆட்டக்காரரை எதிரணிப் பயிற்சியாளராக அவர் பலமுறை பார்த்திருந்தார். எனவே ஊர்டிங்கனிலிருந்து ஷப்புயிசா வந்து சேர்ந்ததைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வதற்கில்லை.

முதல் பருவமே வெடித்தது. ஜெர்மன் ஒன்றிணைப்பைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து ரோஸ்டாக், டிரெஸ்டன் அணிகளைச் சேர்த்துக்கொண்டதால் 1991-92 புண்டஸ்லிகா 20 அணிகளோடும் 38 சுற்றுகளோடும் நடந்தது. ஷப்புயிசா 20 கோல்கள் போட்டார். ஸ்டுட்கார்ட்டின் ஃபிரிட்ஸ் வால்டர் மட்டுமே 22 கோல்களோடு அவரை முந்தினார். டென்மார்க்கின் ஃபிளெமிங் போவ்ல்சன் உடல்பலத்தால் தடுப்பாட்டக்காரர்களை இழுத்துப் போக, அவர் திறந்துவிட்ட இடைவெளியில் இடப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் ஷப்புயிசாவை நிறுத்தும் வழி பல அணிகளுக்குத் தெரியவில்லை. டோர்ட்மண்ட் ரசிகர்கள் அவருக்கு 'ஷாப்பி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி நாளை ஜெர்மன் கால்பந்தின் மிக விசித்திரமான பிற்பகல்களில் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது. 1992 மே 16 அன்று பந்தயம் தொடங்கும் முன் ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், டோர்ட்மண்ட் மூன்றும் தலா 50 புள்ளிகளில் நின்றன. வெற்றிக்கு 2 புள்ளிகள் தரும் பழைய முறை அது. கோல் வித்தியாசத்தில் ஃபிராங்க்ஃபர்ட் முதலிடம், டோர்ட்மண்ட் கடைசி. டுயிஸ்பர்கில் 9ஆவது நிமிடத்திலேயே ஷப்புயிசா கோல் போட்டு டோர்ட்மண்டை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ரோஸ்டாக்கில் ஃபிராங்க்ஃபர்ட் திணறியது. லெவர்குசனில் ஸ்டுட்கார்ட் 1-1 என்று தேங்கி நின்றதோடு, மத்தியாஸ் ஸாமர் வெளியேற்றப்பட்டு பத்துப் பேராகவும் குறைந்திருந்தது. அந்த நிலையில் பட்டம் டோர்ட்மண்டுக்கு, அதற்குக் காரணம் ஷப்புயிசாவின் ஒற்றைக் கோல். 86ஆவது நிமிடம் வரை அப்படித்தான் இருந்தது. அப்போது லெவர்குசனில் கீடோ புக்வால்ட் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய், பட்டத்தை ஸ்டுட்கார்ட்டுக்குக் கொண்டு சென்றது. டுயிஸ்பர்கில் டோர்ட்மண்ட் 1-0 என்று வென்றே தோற்றது. புக்வால்ட்டின் தலையடி தவறியிருந்தால் ரிக்கனின் கோலைப்போல ஷப்புயிசாவின் அந்த 9ஆவது நிமிடக் கோலும் சுவர்ச் சித்திரமாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு யூஃபா கோப்பை. ஸ்காட்லாந்தின் செல்ட்டிக் அணிக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் ஷப்புயிசா கோல் போட்டார்; சரகோசா, ரோமா, ஒசேர் அணிகளையும் தாண்டி டோர்ட்மண்ட் இறுதிக்குப் போனது. அங்கே ரொபேர்ட்டோ பாஜியோவின் யுவெண்டஸ் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-1 என்று அடித்து நொறுக்கியது. களத்தில் அது அவமானமே. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதுவே திருப்புமுனை: ஐரோப்பியப் போட்டியில் நெடுந்தூரம் போன ஒரே ஜெர்மன் கிளப் என்ற முறையில் தொலைக்காட்சி வருமானத்தின் பெரும்பங்கு டோர்ட்மண்டின் கைக்கு வந்தது. அந்தப் பணம்தான் இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த ஜெர்மானியர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைக்கும் கொள்கைக்குத் துணிவு தந்தது. ராய்ட்டரும் ஸாமரும் ஏற்கெனவே வந்திருந்தனர். 1993இல் லாட்சியோவிலிருந்து ரீட்லே, 1994இல் யுவெண்டஸிலிருந்து மோலரும் பிரேசிலின் ஜூலியோ சேசரும், 1995இல் அங்கிருந்தே கோலரும் வந்தார்கள். டோர்ட்மண்டின் பொற்காலத்தை எழுதுபவர்கள் வழக்கமாக இந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குவார்கள். இவர்களை வாங்கும் வலிமையைச் சம்பாதித்துக் கொடுத்த அணி எது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. போவ்ல்சனும் ஷப்புயிசாவும், கேப்டன் ஸோர்க்கும் ஆடிய, விலை குறைந்த அந்த 1992-93 அணிதான் அது.

1994-95 பருவத்தில் டோர்ட்மண்ட் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, பருவத்தின் இரண்டாம் பாதியில் ஷப்புயிசாவின் முழங்காலில் சிலுவைத் தசைநார் கிழிந்தது. போவ்ல்சனும் அதே பருவத்தில் முழங்கால் காயத்தால் விழுந்து, பிறகு எழவேயில்லை. அவருடைய தொழில் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. தாக்குதல் வரிசை காலியான நிலையில் ஹிட்ஸ்ஃபெல்ட் பதின்ம வயது ரிக்கனையும் கானாவிலிருந்து வந்த இளைஞர் இப்ராகிம் டாங்கோவையும் நம்ப வேண்டியிருந்தது. ஜூன் 17 அன்று ஹாம்பர்கை 2-0 என்று வென்று, பட்டத்துக்குப் போட்டியிட்ட பிரேமன் மியூனிக்கில் தோற்றதால், 1963க்குப் பிறகு முதல்முறையாக டோர்ட்மண்ட் ஜெர்மன் சாம்பியனானது. மூன்றாண்டுகளுக்கு முன் நான்கு நிமிடத்தில் நழுவிய பட்டம் கைக்கு வந்தபோது, அதற்காக அதிகம் உழைத்தவர்களில் ஒருவர் ஊன்றுகோல் காலத்தில் இருந்தார். பருவத்தின் முதல் பாதியில் அவர் குவித்த கோல்கள் இல்லாமல் அந்த வசந்தகாலத்தில் டோர்ட்மண்ட் முன்னிலையில் நின்றிருக்காது என்பதே என் கணிப்பு.

சிலுவைத் தசைநார் கிழிந்த முன்கள ஆட்டக்காரர் பழைய வேகத்தோடு திரும்புவது 1990களின் மருத்துவத்தில் அரிது. வெட்டித் திரும்புவதையே ஆயுதமாகக் கொண்டவருக்கு அது இன்னும் அரிது. 1995-96இல் டோர்ட்மண்ட் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட பருவத்தில் ஷப்புயிசாவின் பங்கு சிறியதே. மீண்டு வரும் காலமாகவே அது கழிந்தது. ஆனால் 1996-97இல் அவர் மறுபடி முதன்மை ஆட்டக்காரர். வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம். அதற்கு ஈடாக எங்கே நிற்பது, எப்போது பந்தை விடுவது என்ற கணக்கு கூர்மையாகியிருந்தது. மியூனிக் இறுதியாட்டத்தில் ரீட்லேயோடு அவர்தான் தொடக்க வரிசையில் இறங்கினார். ரீட்லே 29, 34ஆவது நிமிடங்களில் இரண்டு கோல்கள் போட்டதும், டெல் பியேரோ ஒன்றைத் திருப்பியதும், பிறகு ஹிட்ஸ்ஃபெல்ட் முதலில் ரீட்லேயையும் அடுத்து ஷப்புயிசாவையும் வெளியே எடுத்ததும் முன்பே சொன்ன பதினாறு நொடிகளுக்கு இட்டுச்சென்றன.

அவருக்கென்றே ஒரு பெரிய ஐரோப்பிய இரவு அடுத்த ஆண்டு வந்தது. விந்தை என்னவென்றால் அது மிகக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. 1998 மார்ச் 18, சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியின் இரண்டாம் ஆட்டம், எதிரணி பயர்ன் மியூனிக். மியூனிக்கில் நடந்த முதல் ஆட்டம் 0-0. டோர்ட்மண்டிலும் 90 நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 109ஆவது நிமிடத்தில், ஷப்புயிசா போட்ட ஒரே கோல் நடப்புச் சாம்பியனை அரையிறுதிக்கு ஏற்றியது. அந்த வாரங்களில் ஜெர்மனி முழுவதும் வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது: எட்டு நாள்களுக்கு முன் பயர்ன் பயிற்சியாளர் டிரப்பட்டோனி உடைந்த ஜெர்மன் மொழியில் தன் ஆட்டக்காரர்களைப் பொரிந்து தள்ளிய பத்திரிகையாளர் சந்திப்பைப் பற்றி. அரையிறுதியில் ரியல் மட்ரிட்டிடம் டோர்ட்மண்ட் வீழ்ந்ததும் இந்தக் கோலின் ஒளியைக் குறைத்துவிட்டது.

1999இல் அவர் டோர்ட்மண்டை விட்டபோது, புண்டஸ்லிகாவில் அவருடைய கணக்கு 228 ஆட்டங்களில் 106 கோல்கள். அதில் 102 டோர்ட்மண்டுக்காக. தென்கொரியாவின் சா பும்-குன் வைத்திருந்த 98 கோல்களைத் தாண்டி, அந்த லீக்கில் அதிகக் கோல் போட்ட வெளிநாட்டவர் என்ற இடத்தில் அவர் நின்றார். பெனால்டி நிபுணரல்லாத, ஒரு வருடத்தின் பெரும்பகுதியைக் காயத்தில் இழந்த ஒருவருக்கு இரண்டு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல் என்பது கனமான விகிதம். அந்தச் சாதனையைப் பின்னர் முறியடித்தவர் பிரேசிலின் ஜியோவானி எல்பர்; அவரும் கிராஸ்ஹாப்பரில் ஆடித் தேறிய பிறகே ஜெர்மனிக்கு வந்தவர் என்பது சுவிஸ் லீக்கை ஜெர்மன் கால்பந்தின் திண்ணை என்று அழைக்கத் தோன்றவைக்கிறது. ஷப்புயிசா நன்றாகக் கால் ஊன்றிய பின்னரே க்னூப், ஸ்ஃபோர்ஸா, அலென் சூட்டர் போன்ற சுவிஸ் ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்து ஜெர்மன் கிளப்புகளுக்குப் போனார்கள்.

முப்பது வயதில் தாயகம் திரும்பும் வெளிநாட்டு நட்சத்திரத்தைப் பற்றிய வழக்கமான எதிர்பார்ப்பு ஒன்று உண்டு: இரண்டு பருவங்கள் நடந்து ஆடுவார், விளம்பரப் பலகைகளில் தோன்றுவார், ஓய்வு பெறுவார். சூரிச்சின் கிராஸ்ஹாப்பருக்கு வந்த ஷப்புயிசா அதற்கு மாறாக 2000-01 பருவத்தில் 21 கோல்கள் போட்டு, லுகானோவின் கிறிஸ்டியன் ஹிமெனெஸோடு சேர்ந்து லீக்கின் அதிகக் கோல்காரரானார். கிராஸ்ஹாப்பர் தன் 26ஆவது பட்டத்தை வென்றது. சுவிஸ் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1992, 1993, 1994 எனத் தொடர்ந்து மூன்று முறை பெற்றிருந்தவருக்கு, ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2001இல் அது நான்காம் முறையாக வந்தது. பட்டம் வென்ற அணியிலிருந்து 2002இல் அவர் பெர்ன் நகரின் யங் பாய்ஸுக்கு மாறினார். மறு ஆண்டே கிராஸ்ஹாப்பர் மீண்டும் சாம்பியனானது. பெரிய தருணங்களைச் சற்றே தவறவிடும் அவருடைய பழைய வழக்கம் இங்கும் அவரை விடவில்லை.

யங் பாய்ஸ் அப்போது வீடில்லாத அணி. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த வாங்க்டோர்ஃப் மைதானம் 2001இல் இடிக்கப்பட்டுவிட்டதால், புதிய அரங்கம் எழும்வரை நொய்ஃபெல்ட் என்ற சிறிய மைதானத்தில் அந்த அணி குடியிருந்தது. சாம்பியன்ஸ் லீக் வென்றவர் ஆடுவதற்குரிய இடமாக அது தெரியாது. ஆனால் பழைய 12 அணி அமைப்பை மாற்றி 10 அணிகளோடு சூப்பர் லீக் என்ற பெயரில் சுவிஸ் முதல் பிரிவு புதிதாகத் தொடங்கிய 2003-04இல், முதல் பருவத்தின் அதிகக் கோல்காரர் யார் என்று பார்த்தால், 23 கோல்களோடு 34 வயது ஷப்புயிசா. யங் பாய்ஸ் பாசலுக்கு அடுத்து இரண்டாவதாக முடித்தது. 2003இல் யூஃபா தன் பொன்விழாவை ஒட்டி ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் கடந்த ஐம்பது ஆண்டுகளின் சிறந்த ஆட்டக்காரரைச் சொல்லும்படி கேட்டபோது சுவிட்சர்லாந்து சொன்னது அவர் பெயரை. அப்படிப் பெயர் சொல்லப்பட்ட பிறகும் களத்தில் கோல் போட்டுக்கொண்டிருந்தது சற்றே வேடிக்கையான காட்சி. 103 ஆட்டங்களும் 21 கோல்களும் கொண்ட அவருடைய தேசிய அணி வாழ்க்கை 2004 ஐரோப்பியக் கோப்பையோடு நிறைவடைந்தது.

கடைசி அத்தியாயம் தொடங்கிய ஊரிலேயே முடிந்தது. லோசான்-ஸ்போர் 2003இல் திவாலாகி, கீழ்ப் பிரிவிலிருந்து மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தது. 2005இல் அந்த அணி இரண்டாம் பிரிவை எட்டிய சமயத்தில் ஷப்புயிசா அங்கே திரும்பி, 2006இல் ஓய்வுபெற்றார்.

பயிற்சியாளர் நாற்காலியை அவர் பெரிதாக நாடவில்லை. யங் பாய்ஸில் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறியும் பணிக்குத் திரும்பினார்; மைதானத்தின் ஓரத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, யாரும் கவனிக்காத ஒருவரைக் கவனிக்கும் வேலை. 2018 ஏப்ரல் 28 அன்று லுட்செர்னை 2-1 என்று வென்று யங் பாய்ஸ் 32 ஆண்டுகளுக்குப் பிறகு சுவிஸ் சாம்பியனானது. அவர் அந்தச் சட்டையில் ஆடிய மூன்று ஆண்டுகளில் கிட்டாத அந்தப் பட்டம், அவர் தேடிக் கொண்டுவர உதவிய ஆட்டக்காரர்கள் வழியாகப் பெர்னுக்கு வந்தது.